தண்டனை நிச்சயம் என்று தெரிந்தும் அணுகுண்டைத் தேடுவது ஏன்?

களியக்காவிளையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்விக்கு இந்தப் பதிலை எழுதுகிறேன். அவர் கேட்டது இதுதான்: "அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் இருக்கிறது. மீறினால் பொருளாதாரத் தடை வருகிறது, சில நாடுகள் மீது குண்டே விழுகிறது. வல்லரசுகளிடம் ஆயிரக்கணக்கில் அணுகுண்டுகள் இருக்கின்றன. இவ்வளவும் தெரிந்தும் சில நாடுகள் ஏன் இதன் பின்னால் போகின்றன? அப்புறம், நம்ம மணவாளக்குறிச்சி மணலை வைத்துத்தான் இந்தியா குண்டு செய்தது என்று ஊரில் சொல்கிறார்களே, அது உண்மையா சார்?"

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன் தம்பி. முதல் கேள்விக்கான வாசல் அதில்தான் இருக்கிறது.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஒரு கைப்பிடி மணலை அள்ளி வெயிலில் பிடித்துப் பார். கருப்பாக மின்னுவது இல்மனைட். சிவப்புப் பொடி கார்னெட். அவற்றுக்கு இடையே தேன் நிறத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும் குருணைதான் மோனசைட். மணல் ஆலையில் காந்தத்தை வைத்துத்தான் இவற்றைப் பெரும்பாலும் பிரிக்கிறார்கள். இல்மனைட் முதலில் ஒட்டிக்கொள்ளும். மோனசைட்டை அசைக்க அதைவிட வலுவான காந்தம் வேண்டும். நம் மோனசைட்டில் நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்கு தோரியம் ஆக்ஸைடு இருக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இந்தக் கரையில் மோனசைட்டைக் கண்டபோது யாருக்கும் குண்டு நினைவில் இல்லை. பெட்ரோமாக்ஸ் விளக்கில் எரிகிற மேன்டில் செய்யத் தோரியம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். (கரையோர ஊர்களில் இந்த மணல் என்றாலே கதிர்வீச்சு பயமும் புற்றுநோய் பேச்சும் வரும். நியாயமான கவலைதான், அதைத் தனியாக எழுத வேண்டும்.)

தோரியம் தானாக வெடிக்காது. அணு உலைக்குள் நியூட்ரானை வாங்கி, யுரேனியம்-233 ஆக மாறிய பிறகே அது எரிபொருளாகும். 1974 மே 18ஆம் தேதி பொக்ரானில் வெடித்தது புளூட்டோனியம். டிராம்பேயில் கனடா உதவியோடு கட்டிய சைரஸ் உலையில் அது உருவானது. அந்த உலைக்குக் கனநீர் கொடுத்தது அமெரிக்கா. ஆக, நம் மணலுக்கும் அந்தக் குண்டுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. கூடங்குளமும் அப்படித்தான். அது ரஷ்ய எரிபொருளில் ஓடுகிற மின் நிலையம், சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் இருக்கிறது.

ஆனால் இந்த மணலை வைத்து அரசியல் நடந்தது உண்மை. 1947இல் இந்தக் கரை முழுவதும் திருவிதாங்கூர். திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அந்த ஜூன் 11ஆம் தேதி, திருவிதாங்கூர் இந்தியாவில் சேராது, தனி நாடாகும் என்று அறிவித்தார். ஹிரோஷிமா நடந்து இரண்டு வருடம்கூட முடியாத நேரம். தோரியத்துக்குப் பெரிய எதிர்காலம் இருக்கிறது என்று எல்லாரும் நம்பினார்கள். மோனசைட்டை யாருக்குக் கொடுப்பது என்று திருவிதாங்கூர் அரசு பிரிட்டனோடு தனியாகப் பேசியது. நேருவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒரு சின்ன சமஸ்தானத்துக்கு 'நம்மிடம் உலகம் கேட்கிற ஒன்று இருக்கிறது' என்ற தைரியத்தைக் கொடுத்தவற்றில் இந்த மணலும் ஒன்று. ஜூலை 25ஆம் தேதி திருவனந்தபுரத்தில் சி.பி. வெட்டுப்பட்டுக் காயமடைந்தார். சில நாட்களில் மகாராஜா இந்தியாவில் சேர ஒப்புக்கொண்டார். 1951இல் நமக்குப் பஞ்சம் வந்து அமெரிக்காவிடம் கோதுமை கேட்டபோதும் அங்கே நாடாளுமன்றத்தில் மோனசைட் பேச்சு எழுந்தது. கோதுமைக்குப் பதிலாக மணல் ஏற்றுமதித் தடையை விலக்கு என்றார்கள். நேரு மறுத்துவிட்டார்.

நான் சொல்ல வரும் முதல் விஷயம் இங்கேயே இருக்கிறது. அணு தொடர்பான எதுவும், வெறும் மணலாக இருந்தாலும்கூட, பலவீனமானவன் கையில் ஒரு பிடிமானமாகத் தெரிகிறது. குண்டே கையில் இருந்தால் எவ்வளவு பெரிய பிடிமானமாகத் தெரியும் என்று யோசித்துப் பார்.

இனி உன் பெரிய கேள்வி. 'வல்லரசுகளின் அணுபலத்தைப் பார்த்து மற்றவர்கள் அடங்கியிருக்க வேண்டாமா' என்பது அதற்குள் இருக்கிற எண்ணம். அந்த அணுபலம் தடுப்பது தாக்குதலை. குண்டு செய்யும் ஆசையை அது தடுப்பதில்லை, வளர்க்கத்தான் செய்கிறது. இன்று ஒன்பது நாடுகளிடம் அணு ஆயுதம் இருக்கிறது: அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா, இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல், வட கொரியா. இஸ்ரேல் மட்டும் வாய்திறந்து ஒப்புக்கொண்டதில்லை. மொத்தம் சுமார் 12,000 ஆயுதங்கள், அதில் பத்தில் ஒன்பது பங்கு அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும். 'இது எங்களிடம் இருப்பதால்தான் எங்கள் மேல் யாரும் கை வைப்பதில்லை' என்று இவர்கள் தினமும் சொல்லும்போது, எதிரி வாசலில் நிற்கிற பத்தாவது நாடு அதை எப்படிப் புரிந்துகொள்ளும்?

வரிசையைப் பார். ஹிட்லர் முந்திக்கொள்வான் என்ற பயத்தில் அமெரிக்கா ஆரம்பித்தது. அமெரிக்காவைப் பார்த்து சோவியத் யூனியன் 1949இல். 1950களில் கொரியப் போரிலும் தைவான் நீரிணைச் சண்டையிலும் அமெரிக்காவின் அணு மிரட்டலைக் கேட்ட சீனா, 1959இல் சோவியத்தும் மாதிரிக் குண்டு தர மாட்டேன் என்று கைவிட்ட பிறகு, தானே முயன்று 1964 அக்டோபர் 16ஆம் தேதி வெடித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் நாம் சீனாவிடம் போரில் தோற்றிருந்தோம். லால் பகதூர் சாஸ்திரிக்கு குண்டில் விருப்பம் கிடையாது. அந்த டிசம்பரில் லண்டன் போனபோது, அணு ஆயுதம் இல்லாத நாடுகளுக்கு வல்லரசுகள் பாதுகாப்பு உறுதி தர முடியுமா என்று கேட்டார். நம்பும்படியான பதில் எங்கிருந்தும் வரவில்லை. சாஸ்திரியின் அந்த முயற்சியை நம் பாடப்புத்தகங்கள் பெரிதாகச் சொல்வதில்லை. எனக்கு அது மிக முக்கியமாகப் படுகிறது. குண்டு வேண்டாம் என்று நினைத்த ஒருவர் வேறு வழி தேடி, அந்த வழி அடைபட்ட இடம் அது. பத்து வருடத்தில் பொக்ரான் வந்தது.

பாகிஸ்தான் கதை இன்னும் நேரானது. இந்தியா குண்டு செய்தால் புல்லைத் தின்றாவது நாங்களும் செய்வோம் என்று பின்னாளில் பாகிஸ்தான் அதிபரான பூட்டோ 1965இலேயே சொல்லியிருந்தார். 1971 டிசம்பரில் நாட்டின் பாதி வங்கதேசமாகப் பிரிந்து போனது. நண்பர்களான அமெரிக்காவும் சீனாவும் அதைத் தடுக்கவில்லை. அடுத்த மாதமே, 1972 ஜனவரியில், முல்தானில் விஞ்ஞானிகளைக் கூட்டி பூட்டோ வேலையைத் தொடங்கிவிட்டார். கவனி, பொக்ரான் நடப்பதற்கு இரண்டு வருடம் முன்பு. நம் சோதனையைப் பார்த்துத்தான் அவர்கள் ஆரம்பித்தார்கள் என்று எழுதாதே. 1974 அவர்கள் வேகத்தைக் கூட்டியது, அவ்வளவே.

'நான் இருக்கிறேன், நீ ஏன் கவலைப்படுகிறாய்' என்று ஒரு வல்லரசு சொன்னால் போதாதா? கடைசி நேரத்தில் அது கையை விரித்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் சிக்கல். 1961இல் பிரெஞ்சு அதிபர் டிகால் அமெரிக்க அதிபர் கென்னடியிடம் இதை முகத்துக்கு நேராகவே கேட்டார்: பாரிஸைக் காப்பாற்ற நீங்கள் நியூயார்க்கை இழக்கத் தயாரா? பிரான்ஸ் அமெரிக்காவின் கூட்டாளி, நேட்டோவில் இருந்த நாடு. 1956இல் சூயஸ் கால்வாய்க்காக எகிப்து மேல் படையெடுத்த விவகாரத்தில் சோவியத் மிரட்டியபோது அமெரிக்கா துணைக்கு நிற்காமல், பின்வாங்கு என்று பிரான்ஸையே நெருக்கியதை அவர்கள் மறக்கவில்லை. 1960இல் சகாராவில் வெடித்தார்கள். கூட்டாளிக்கே இந்தச் சந்தேகம் என்றால் கூட்டாளி இல்லாதவன் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

வட கொரியா அப்படித்தான். 1958 முதல் 1991 வரை தென் கொரியாவில் அமெரிக்க அணு ஆயுதங்கள் இருந்தன. சோவியத் யூனியன் 1990இல் தென் கொரியாவை அங்கீகரித்தது, அடுத்த வருடம் அதுவே கலைந்தது. 1992இல் சீனாவும் தென் கொரியாவை அங்கீகரித்தது. இரண்டு வருடத்தில் இரண்டு காவலர்களும் எதிரியோடு கைகுலுக்கிவிட்டார்கள். 1994இல் அமெரிக்காவோடு ஓர் ஒப்பந்தம் வந்து கொஞ்ச காலம் ஓடியது, பிறகு முறிந்தது. 2002 ஜனவரியில் புஷ் இராக், ஈரான், வட கொரியா மூன்றையும் தீமையின் அச்சு என்று பெயர் சொல்லி அறிவித்தார். 2003 ஜனவரியில் வட கொரியா தடை ஒப்பந்தத்தை விட்டு வெளியேறியது. இரண்டு மாதத்தில் இராக் மீது படையெடுப்பு. அதே வருடம் டிசம்பரில் லிபியாவின் கடாபி தன் அணுத் திட்டத்தை மூட்டைகட்டி ஒப்படைத்தார். 2011இல் நேட்டோ விமானங்கள் வானில் இருக்க, தன் நாட்டுக்காரர்கள் கையிலேயே செத்தார். 2006இல் முதல் சோதனை நடத்திய வட கொரியா மீது அதன் பிறகு எத்தனையோ தடைகள் விழுந்தன. யாரும் படையெடுக்கவில்லை. பியாங்யாங்கில் உட்கார்ந்திருப்பவர் இந்த மூன்று நாடுகளின் கதையைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவார்? அந்த ஆட்சி தன் மக்களைப் பட்டினி போட்ட கொடிய ஆட்சி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த முடிவை முட்டாள்தனம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

உக்ரைனைப் பற்றியும் கேட்பார்கள். சோவியத் உடைந்தபோது சுமார் 1,900 தொலைதூர அணு ஆயுதங்கள் அதன் மண்ணில் கிடந்தன. ஏவும் கட்டுப்பாடு மாஸ்கோவிடம் இருந்ததால் அவை உண்மையில் உக்ரைனின் குண்டுகள் ஆகவில்லை. 1994 டிசம்பர் 5ஆம் தேதி புடாபெஸ்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் எல்லையை மதிப்போம் என்று கையெழுத்துப் போட்டன. உக்ரைன் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டது. 2014இல் கிரிமியா போனது, 2022இல் முழுப் போர் வந்தது. வைத்திருந்தாலும் பராமரிக்க அவர்களிடம் பணம் இருந்திருக்காது என்று சிலர் வாதிடுகிறார்கள். இருக்கலாம். ஆனால் இனி எந்த நாட்டிடமும் ஒரு காகிதத்தை நீட்டி 'இதை நம்பிக் கொடுத்துவிடு' என்று சொல்வது ரொம்பக் கஷ்டம்.

பயம் ஒன்றே காரணம் என்று எழுதினால் பாதி மார்க்தான். உள்நாட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1946இல் பிரிட்டனில் செலவை எண்ணி அமைச்சர்கள் தயங்கியபோது, வெளியுறவு அமைச்சர் பெவின், அமெரிக்க மந்திரி என்னிடம் பேசிய மாதிரி இனி எவனும் பேசக் கூடாது, குண்டின் மேல் நம் கொடி பறக்க வேண்டும் என்றார். அதில் பாதுகாப்பு பயத்தைவிட மானப் பிரச்சினைதான் பெரிது. நம் நாட்டில் அணு விஞ்ஞானி ஹோமி பாபா போன்ற ஒருவரும், பிரதமரோடு நேரடியாகப் பேசுகிற ஓர் அணுசக்தித் துறையும் இல்லாமல் இருந்திருந்தால் 1974 அப்போது வந்திருக்குமா என்பது நியாயமான கேள்வி. 1998 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் குண்டு சோதனை நடத்தியபோது இரண்டு நாடுகளிலும் தெருவில் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினார்கள். ஓட்டு வாங்குகிற அரசுக்கு அந்த இனிப்பின் மதிப்பு தெரியும்.

சரி, தண்டனைக்கு வருவோம். பல நாடுகள் குண்டு செய்வதில்லை, செய்யக்கூடிய நிலைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்கின்றன. இதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு. மண்ணில் கிடைக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களை எடுத்தால் ஏழுதான் பிளவுபடும் யுரேனியம்-235. மின் நிலையத்துக்கு அதன் பங்கு 4 சதவீதமாக வேண்டும் என்றால் (இப்படிப் பங்கைக் கூட்டுவதுதான் செறிவூட்டல்), அந்த ஏழையும் வைத்துக்கொண்டு மற்றதில் 825ஐக் கழிக்க வேண்டும், மீதி 175. 20 சதவீதத்துக்கு இன்னும் 140ஐக் கழித்தால் 35. அங்கிருந்து 60 சதவீதத்துக்கு 23ஐக் கழித்தால் போதும், மீதி 12. குண்டுக்கு வேண்டிய 90 சதவீதத்துக்கு அதிலிருந்து நான்கைக் கழித்தால் எட்டு வந்துவிடும். உண்மையில் ஆலைக்குள் கொஞ்சம் வீணாகும், ஆனால் சங்கதி இதுதான்: மின்சாரத்துக்கு என்று சட்டப்படி செய்கிற செறிவூட்டலிலேயே பெரும்பாலான உழைப்பு முடிந்துவிடுகிறது. தடை ஒப்பந்தம் அமைதிக்கான அணுசக்தியை எல்லா உறுப்பினருக்கும் உரிமை என்கிறது. எங்கே கோடு போடுவது என்பதில்தான் ஈரான் சண்டை அத்தனையும்.

வல்லரசுகளோடு போட்ட 2015 ஒப்பந்தத்தில் ஈரான் 3.67 சதவீதத்துக்கு மேல் போக மாட்டேன் என்று ஒப்புக்கொண்டது, ஆய்வாளர்களையும் உள்ளே விட்டது. 2018 மே 8ஆம் தேதி டிரம்ப் அதிலிருந்து விலகித் தடைகளைத் திரும்பப் போட்டார். 2021 ஏப்ரலில் ஈரான் 60 சதவீதத்துக்குப் போனது. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் அதன் ஆலைகள் மேல் குண்டு போட்டன. ஈரானின் மனதில் 1980களும் இருக்கிறது. இராக் அவர்கள் மேல் விஷவாயு வீசியபோது உலகம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது. குண்டுவீச்சு ஆலையை உடைக்கும், படித்த விஞ்ஞானத்தை அழிக்காது. 1981 ஜூனில் இஸ்ரேல் இராக்கின் ஓசிராக் உலையை உடைத்தது. 1991 போருக்குப் பிறகு ஆய்வாளர்கள் உள்ளே போனபோது, 1981க்குப் பின் ரகசியமாக அதைவிடப் பெரிய திட்டம் நடந்திருந்தது தெரியவந்தது.

பொருளாதாரத் தடையும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வலிப்பதில்லை. ரேஷனில் நிற்பவன் ஒருவன், முடிவெடுப்பவன் வேறொருவன். போதாக்குறைக்கு, தண்டனை கொடுப்பவர்களுக்கும் வேறு கணக்குகள் உண்டு. ஆப்கானிஸ்தானில் சோவியத்தை எதிர்க்கப் பாகிஸ்தான் தேவைப்பட்ட காலத்தில், அங்கே குண்டு இல்லை என்று அமெரிக்க அதிபர்கள் வருடா வருடம் சான்றிதழ் கொடுத்தார்கள். சோவியத் படை திரும்பிய பிறகு, 1990 அக்டோபரில், உதவி நின்றது. நமக்கும் 1998இல் தடை விழுந்தது. வெளிநாட்டு இந்தியர்களிடம் பத்திரம் விற்று அரசு 400 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. 2001இல் அமெரிக்கா தடைகளை நீக்கியது, 2008இல் அணு வர்த்தகத்துக்கே கதவு திறந்தது. பெரிய சந்தையும் பொறுமையும் இருந்தால் தண்டனை கரையும் என்று மற்றவர்கள் இதில் படித்துக்கொண்டார்கள். இந்தியனாக எனக்கு அந்த முடிவு நல்லதுதான், ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்.

இப்போது மறுபக்கம். 1970களில் 15, 20, 25 நாடுகளிடம்கூட அணுகுண்டு இருக்கலாம் என்று கென்னடி 1963இல் பயந்தார். இன்றும் ஒன்பதுதான். ஆக, விட்டவர்கள் நிறைய. ஏன் விட்டார்கள் என்று பார்த்தால்தான் உன் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கும். தென் ஆப்பிரிக்கா ஆறு குண்டுகள் செய்து வைத்திருந்தது. அங்கோலாவில் தன்னை எதிர்த்து நின்ற கியூபப் படை திரும்பிப் போக ஒப்புக்கொண்டது, பனிப்போர் முடிந்தது, நிறவெறி ஆட்சியும் முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் தாங்களே பிரித்துவிட்டு 1993இல் அதிபர் டி கிளார்க் அதை வெளியே சொன்னார். பிரேசிலும் அர்ஜென்டினாவும் ராணுவ ஆட்சி போனபின் ஒருவர் ஆலைக்குள் ஒருவர் போய்ப் பார்த்துக்கொள்ள 1991இல் ஏற்பாடு செய்தன. தென் கொரியாவும் தைவானும் 1970களில் ரகசியமாக முயன்றன. அவற்றை நிறுத்தியது அமெரிக்காவின் நெருக்கடி.

இந்த வரிசையில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பயம் குறைந்த இடத்தில் குண்டு ஆசையும் குறைந்தது. தண்டனை பலித்தது பெரும்பாலும் நண்பர்களிடம்தான், ஏனென்றால் அவர்களுக்கு இழக்க ஒரு காவல் இருந்தது. எதிரிக்கு மிரட்டல் வந்தால் 'இதற்காகத்தான் எனக்குக் குண்டு வேண்டும்' என்ற வாதம் உள்ளூரில் இன்னும் வலுக்கிறது. தேர்வில் இதை எழுதும்போது ஒப்பந்தத்தின் ஓரவஞ்சனையையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள். 1967 ஜனவரி 1க்கு முன் வெடித்த ஐந்து பேர் வைத்துக்கொள்ளலாம், மற்றவர் கூடாது என்பது அதன் அடிப்படை. அந்த ஐவர் உட்பட எல்லா உறுப்பினரும் ஆயுதக் குறைப்புக்கு நல்லெண்ணத்தோடு பேச வேண்டும் என்பது ஆறாவது ஷரத்து. இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல், தெற்கு சூடான் ஆகியவை கையெழுத்தே போடாதவை.

அடுத்து யார் என்று வகுப்பில் கேட்டால், எல்லாரும் ஈரான் என்பார்கள். நான் தென் கொரியாவையும் சவூதியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். ஈரான் குண்டு செய்தால் நாங்களும் உடனே செய்வோம் என்று சவூதி பட்டத்து இளவரசர் 2018இல் வெளிப்படையாகச் சொன்னார். அப்போதைய தென் கொரிய அதிபர் யூன் 2023 ஜனவரியில், நிலைமை மோசமானால் நாங்களே அணு ஆயுதம் செய்யலாம் என்றார். அமெரிக்கா பதறிப்போய், அந்த ஏப்ரலில் வாஷிங்டன் பிரகடனம் என்று ஒன்றை வெளியிட்டு, அணு ஆயுதத் திட்டமிடலில் சியோலையும் கலந்துகொள்வோம் என்று வாக்குக் கொடுத்தது. வடக்கே குண்டு வைத்திருப்பவர் மாறவில்லை. தெற்கின் கேள்வி இன்னும் டிகால் கேட்ட அதே கேள்விதான், ஊர் பெயர் மட்டும் சியோல்.